விளம்பரம் கொடுத்துவிட்டோம், அது ஓடுகிறதா?

(சிறுதொழில் செய்வோருக்கான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



விளம்பரத்தை எப்படிக் கவர்ச்சியாகச் செய்வது, எந்த ஊடகத்தில் கொடுப்பது என்பதையெல்லாம் எனக்கு முன் பேசியவர்கள் நன்றாக விளக்கினார்கள். நான் அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பணம் கட்டியாகிவிட்டது. விளம்பரமும் தொடங்கிவிட்டது. அதன் பிறகு நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. கடைசி நாள் வந்ததும்தான், "எவ்வளவு செலவானது? எத்தனை பேர் வந்தார்கள்?" என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியை மூன்றாம் நாளிலேயே கேட்டுவிட வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த செய்தி.

இதை நான் பாடப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் சின்னம்மாவுக்கு நட்டம் ஏற்படுத்தித் தெரிந்துகொண்டேன்.

சின்னம்மாவின் முறுக்கு

கிள்ளானில் இருக்கும் என் சின்னம்மா வீட்டிலேயே பலகாரம் செய்து விற்பவர். முறுக்கு, அச்சு முறுக்கு, ஓமப்பொடி, நெய் உருண்டை எல்லாம் செய்வார். அக்கம்பக்கத்தாரும் கோயிலில் பழகியவர்களும்தான் வழக்கமாக வாங்குவார்கள். 2023ஆம் ஆண்டுத் தீபாவளிக்குக் கொஞ்சம் பெரிய அளவில் செய்து பார்க்க ஆசைப்பட்டார். அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 12ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை வந்தது. 400 போத்தல் விற்பது என்று முடிவு செய்தார். மாவு, எண்ணெய், நெய், போத்தல் எல்லாவற்றையும் பழக்கமான மளிகைக் கடையில் கடனுக்குச் சொல்லி வைத்தார். பாதிச் சரக்கை முதலில் எடுப்பது, மீதிப் பாதியை அக்டோபர் 30ஆம் தேதி எடுப்பது என்று ஏற்பாடு. உதவிக்கு இரண்டு பெண்களை நாள் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்.

"நீதான் டிவியில இருக்கியே, எனக்கு ஒரு விளம்பரம் போட்டுக் கொடும்மா" என்றார்.

தொலைக்காட்சி விளம்பரத்துக்கு அவரால் செலவு செய்ய முடியாது. ஆகவே சமூக ஊடகத்தில் போட்டேன். அக்டோபர் 25 முதல் நவம்பர் 7 வரை 14 நாள். மொத்தம் 1,400 வெள்ளி. நாளுக்கு 100 வெள்ளி. நல்ல படம் எடுத்து, நாலு வரி எழுதிப் போட்டுவிட்டுத் தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சிப் பதிவுக்குப் போய்விட்டேன். அறிவிப்பாளர்களுக்கு அதுதான் ஆண்டிலேயே அதிக வேலையுள்ள நேரம். விளம்பரக் கணக்கின் பக்கமே நான் திரும்பவில்லை.

நவம்பர் 5ஆம் தேதி காலையில் சின்னம்மா தொலைபேசியில் அழைத்தார். "ஏம்மா, அந்த விளம்பரம் வருதா இல்லியா? தெரிஞ்சவங்களத் தவிர புதுசா யாருமே கூப்பிடலியே" என்றார். அப்போதுதான் கணக்கைத் திறந்து பார்த்தேன். 11 நாள் முடிந்திருந்தது. செலவானது ஏறக்குறைய 360 வெள்ளி. மீதி 1,040 வெள்ளி அப்படியே இருந்தது.

நேயர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். விளம்பரப் பணம் பறிபோகவில்லை. யாரும் எங்களை ஏமாற்றவும் இல்லை. 1,040 வெள்ளி பத்திரமாக இருந்தது. இந்தக் கோளாறு கண்ணில் படாமல் போவதற்கு அதுதான் காரணம். பணம் அதிகமாகப் போனால் உடனே பதறுகிறோம். பணம் போகாமல் இருந்தால் யார் பதறுகிறார்கள்? ஆனால் அந்த 11 நாளில் முறுக்கு வாங்க நினைத்தவர்கள் வேறு இடத்தில் சொல்லிவிட்டார்கள். இரண்டாம் தவணைச் சரக்கும் மளிகைக் கடையிலிருந்து வந்து இறங்கிவிட்டது.

மீதி மூன்று நாளில் ஓடியாடிச் சரிசெய்தேன். அப்படியும் 110 போத்தல் மிஞ்சிப் போயிற்று. தீபாவளிக்குப் பிறகு பாதி விலைக்குக் கொஞ்சம் போனது. மீதியைத் தெரிந்தவர்களுக்குச் சும்மாவே கொடுத்தோம். மளிகைக் கடன் தீர மூன்று மாதம் ஆயிற்று. சின்னம்மா என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஓடலன்னு நாலாம் நாளே சொல்லியிருந்தா, ரெண்டாவது தடவ மாவு எடுக்காம இருந்திருப்பேனேம்மா."

அந்த ஒரு வாக்கியம்தான் என்னை இன்று இந்த மேடையில் பேச வைத்திருக்கிறது.

நிலையத்தில் கற்ற பாடம்

எனக்கு வெட்கம் தந்த விஷயம் என்னவென்றால், இந்த வேலை எனக்குத் தெரியாததல்ல. வெகுஜனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்ததும் நான் முதலில் கேமரா முன்னால் வந்து நிற்கவில்லை. ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் விளம்பர அட்டவணைப் பிரிவில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்தப் பிரிவை 'டிராபிக்' என்பார்கள். சாலையில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவதுபோல் விளம்பரங்களின் வரத்தை ஒழுங்குபடுத்துகிற இடம் அது.

ஒரு கடைக்காரர் 15 நாளுக்கு 60 முறை என்று நேரம் வாங்கியிருப்பார். எந்த நாள், எந்த நிகழ்ச்சியின் இடைவேளை, எந்த விளம்பரம் என்று ஓர் அட்டவணை இருக்கும். உண்மையில் எந்த நொடியில் எது ஒளியேறியது என்று ஒளிபரப்புக் கணினி இன்னொரு பட்டியல் தரும். காலையில் வந்ததும் என் முதல் வேலை அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுவதுதான். நேரலை நிகழ்ச்சி நீண்டுவிட்டால் ஓர் இடைவேளையே காணாமல் போகும். புதிய பிரதி வந்து சேராமல் பழைய விலை போட்ட விளம்பரம் ஓடிவிடும். நான்கு முறை வர வேண்டியது மூன்று முறைதான் வந்திருக்கும்.

விட்டுப்போன விளம்பரத்துக்கு வேறு நேரம் கொடுத்து ஈடுகட்டுவது தொழிலில் உள்ள வழக்கம். ஆனால் என்னைப் பயிற்றுவித்த மூத்த அக்கா ஒருவர் அடிக்கடி சொல்வார்: "அஞ்சாம் நாள்ல கண்டுபிடிச்சா அதே வாரத்துல நல்ல நேரம் கொடுத்துடலாம். தீபாவளிக்கு முதல் நாள் கண்டுபிடிச்சா கொடுக்க இடமே இருக்காது. தீபாவளிக்கு மறுநாள் புடவை விளம்பரம் போட்டா யாரு கடைக்குப் போவா?"

இணைய விளம்பரத்தில் நிலைமை வேறு. அங்கே உங்களுக்கென்று ஒதுக்கிவைத்த நேரம் கிடையாது. ஒருவர் கைத்தொலைபேசியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், அந்தத் திரையில் யாருடைய விளம்பரத்தைக் காட்டுவது என்று கண் இமைக்கும் நேரத்துக்குள் கணினிக்குள்ளே ஓர் ஏலம் நடக்கிறது. அந்த ஏலத்தில் நீங்கள் வெல்லலாம், தோற்கலாம். தோற்றுக்கொண்டே இருந்தால் உங்கள் பணம் செலவாகாது; விளம்பரமும் யாருக்கும் தெரியாது. தொலைக்காட்சியில் அட்டவணைப் பிரிவில் ஒருவர் உட்கார்ந்து உங்களுக்காகச் சரிபார்க்கிறார். இணையத்தில் அந்த நாற்காலியில் உட்கார வேண்டியவர் நீங்கள்தான். நான் அந்த நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டேன்.

ஓட்டக் கணக்கு

இந்தக் கண்காணிப்பைத் தொழிலில் 'பேசிங்' என்பார்கள். நாம் ஓட்டக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம்.

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ஒரு திருமணத்துக்குப் போகிறோம். முகூர்த்தம் பத்து மணிக்கு. அதிகாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். ஏழு மணிக்கு ஈப்போ பக்கம் வந்திருக்க வேண்டும். ஆனால் இன்னும் தஞ்சோங் மாலிமைக்கூடத் தாண்டவில்லை. முகூர்த்தம் தவறிவிடும் என்று தெரிந்துகொள்ளப் பத்து மணி வரை காத்திருப்போமா? ஏழு மணிக்கே தெரிந்துவிடும். பெண் வீட்டாருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவோம். விளம்பரக் கணக்கும் இவ்வளவுதான்.

என் சின்னம்மாவின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நான்காம் நாள் இரவு 400 வெள்ளி செலவாகியிருக்க வேண்டும். உண்மையில் செலவானது 130 வெள்ளி. 130ஐ 400ஆல் வகுத்தால் 32.5 விழுக்காடு. அதாவது ஓட வேண்டிய வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான். இதே வேகத்தில் போனால் 14 நாள் முடிவில் 455 வெள்ளிதான் செலவாகும் என்று அன்றைக்கே சொல்லிவிடலாம். அதற்கு ஜோசியம் தேவையில்லை. ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல் போதும்.

அடுத்து, மீதியை எப்படிச் சரிக்கட்டுவது? நான்காம் நாளில் மீதி 1,270 வெள்ளி, 10 நாள் இருக்கிறது. நாளுக்கு 127 வெள்ளி. தாராளமாக முடியும். 11ஆம் நாளிலோ மீதி 1,040 வெள்ளி, 3 நாள்தான் இருக்கிறது. நாளுக்கு 347 வெள்ளி. திட்டமிட்டதைவிட மூன்று மடங்குக்கும் மேல். அவ்வளவு பணத்தை அவசர அவசரமாக உள்ளே தள்ளினால் ஒவ்வொரு வாடிக்கையாளரும் கூடுதல் விலைக்குத்தான் கிடைப்பார். அப்படிக் கிடைத்தாலும், "ரொம்ப லேட்டாயிடுச்சும்மா, வேற இடத்துல சொல்லிட்டோம்" என்பார்கள். என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள்.

கோடு நேராகவே போகாது

ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாள் குறைந்தது, ஒரு நாள் கூடியது என்று பதறக் கூடாது. கூகள் விளம்பரத்தில் நாளுக்கு 100 வெள்ளி என்று நீங்கள் குறித்தால், அது சராசரி என்றுதான் பொருள். தேடுவோர் அதிகமாக இருக்கும் ஒரு நாளில் அதைப்போல் இரண்டு மடங்கு வரை அது செலவு செய்யலாம். ஆனால் ஒரு மாதத்தில் நாள் தொகையைப்போல் 30.4 மடங்கைத் தாண்டாது. பேஸ்புக்கிலும் ஒரு நாள் கூடலாம், ஆனால் ஒரு வாரத்தில் ஏழு நாள் தொகையைத் தாண்டாது. ஆகவே ஒரு நாளை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். தொடக்கத்திலிருந்து இன்று வரை மொத்தம் எவ்வளவு என்று பாருங்கள்.

அதேபோல், பணத்தை எல்லா நாளுக்கும் சமமாகப் பங்கிட வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் வியாபாரத்தின் சுபாவத்தைப் பார்த்துப் பங்கிட வேண்டும். பலகாரத்துக்குச் சொல்பவர்கள் முன்கூட்டியே சொல்வார்கள். புடவைக் கடைக்குச் சம்பள நாளுக்குப் பிறகு வரும் சனி, ஞாயிறு முக்கியம். பூமாலைக்கு கடைசி இரண்டு நாள் முக்கியம். சின்னம்மாவுக்கு நான் முதல் வாரத்திலேயே 60 விழுக்காடு, அதாவது 840 வெள்ளி, செலவாகும்படி திட்டமிட்டிருக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் நான்காம் நாளில் 480 வெள்ளி ஆகியிருக்க வேண்டும். 130ஐப் பார்த்ததும் பள்ளம் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

ஏன் ஓடவில்லை?

ஓட்டம் குறைந்தால் எங்கே பார்ப்பது? வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் முதலில் சுவிட்ச், பிறகு பியூஸ், அதற்குப் பிறகுதான் மின்வாரியம். அதுபோல ஒரு வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, விளம்பரம் தொடங்கியதா? பெரிய தளங்கள் எல்லாமே விளம்பரத்தைச் சரிபார்த்த பிறகுதான் வெளியிடுகின்றன. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். சில சமயம் நிராகரித்துவிடுவார்கள். மின்னஞ்சலில் தகவல் வந்திருக்கும். நாம் பார்த்திருக்க மாட்டோம். ஆகவே முதல் நாள் மாலையிலேயே ஒரு முறை பாருங்கள்.

இரண்டாவது, பணம் போகிறதா? கடன் அட்டை காலாவதியாகியிருக்கலாம். வெளிநாட்டு இணையக் கட்டணத்தை வங்கி தடுத்திருக்கலாம். நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்குச் சேவை வரி உண்டு. 6 விழுக்காட்டில் தொடங்கிய அந்த வரி 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடாகிவிட்டது. 1,400 வெள்ளி விளம்பரம் என்றால் வரி மட்டும் 112 வெள்ளி. அட்டையில் அளவாக 1,400 வெள்ளி வைத்திருந்தால், கடைசி ஒரு நாள், மிக முக்கியமான அந்த ஒரு நாள், விளம்பரம் நின்றுவிடும்.

மூன்றாவது, தேதியும் நேரமும். போன ஆண்டு அமைப்பை அப்படியே நகல் எடுத்துப் போடுவது நம் வழக்கம். கிறிஸ்துமஸ் என்றால் தேதி மாறாது. தீபாவளி அப்படியல்ல. 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. நகல் எடுத்தவர்கள் தீபாவளி முடிந்த பிறகும் விளம்பரத்தை ஓடவிட்ட கதையும் உண்டு. கணக்குத் தொடங்கும்போது நேர மண்டலத்தைக் கவனிக்காமல் அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். அக்டோபர் மாதத்தில் அங்கே நள்ளிரவு 12 மணி என்றால் இங்கே பிற்பகல் 3 மணி. காலையில் தொடங்கும் என்று நினைத்த விளம்பரம் பிற்பகலில்தான் தொடங்கும்.

நான்காவது, யாருக்குக் காட்டச் சொன்னோம்? இங்கேதான் நான் தவறு செய்தேன். கிள்ளான் மட்டும், பெண்கள் மட்டும், 35 முதல் 55 வயது வரை, சமையலில் ஆர்வமுள்ளவர்கள், அதோடு இன்னும் இரண்டு நிபந்தனைகள். சல்லடைக்கு மேல் சல்லடை வைத்துச் சலித்தால் கடைசியில் கையில் எவ்வளவு மாவு நிற்கும்? நிபந்தனைகளைக் குறைத்து, காப்பார், ஷா ஆலாம், சுபாங் வரை விரித்த பிறகுதான் விளம்பரம் நகர ஆரம்பித்தது.

ஐந்தாவது, விலை. ஏலத்தில் இதற்கு மேல் கொடுக்க மாட்டேன் என்று ஓர் உச்சவிலை குறிக்கலாம். அந்த ஆண்டு தொடக்கத்தில் சந்தை அமைதியாக இருந்தபோது இன்னொருவருக்கு நான் குறித்த அதே விலையைத் தீபாவளிக்கும் குறித்துவிட்டேன். பண்டிகைக் காலத்தில் புடவைக் கடை, நகைக் கடை, கைத்தொலைபேசிக் கடை எல்லாம் ஏலத்துக்கு வந்துவிடுகின்றன. என் விலை தோற்றுக்கொண்டே இருந்தது.

இந்த ஐந்தையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடாதீர்கள். எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். தவிரவும், பேஸ்புக் போன்ற தளங்களில் விளம்பரம் புதிதாகத் தொடங்கும்போது யாருக்குக் காட்டினால் பலன் கிடைக்கும் என்று அந்த இயந்திரம் கற்றுக்கொள்ளும் காலம் ஒன்று உண்டு. வாரத்தில் ஏறக்குறைய 50 பலன்கள் கிடைத்தால்தான் அது நிலைக்கு வரும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. பெரிய மாற்றம் செய்தால் மறுபடியும் முதலிலிருந்து கற்கத் தொடங்கிவிடும். நாளுக்கு நாலு முறை அமைப்பை மாற்றுவது, விதை போட்டுவிட்டு முளைத்ததா என்று தோண்டித் தோண்டிப் பார்ப்பது போலத்தான். தினமும் பாருங்கள், தினமும் மாற்றாதீர்கள்.

வேகமாக ஓடினாலும் கோளாறுதான்

2023 ஏப்ரல் 23, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் தளங்களை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விளம்பர முறையில் தொழில்நுட்பக் கோளாறு ஏற்பட்டது. பல விளம்பரதாரர்களின் ஒரு நாள் பணம் சில மணி நேரத்திலேயே கரைந்துவிட்டது. வாடிக்கையாளர் ஒருவரைப் பெறுவதற்கான செலவு தாறுமாறாக ஏறியது. கோளாறு ஏற்பட்டதை நிறுவனம் ஒப்புக்கொண்டு பிறகு சரிசெய்தது. ஞாயிற்றுக்கிழமைதானே என்று கணக்கைத் திறக்காதவர்கள் திங்கட்கிழமைதான் தெரிந்துகொண்டார்கள். கண்காணித்துக்கொண்டிருந்தவர்கள் உடனே விளம்பரத்தை நிறுத்திவைத்தார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே இப்படி நடக்கும் என்றால், இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று நாம் தூங்க முடியுமா?

அப்படிப்பட்ட கோளாறு தினமும் வராது. ஆனால் 14 நாள் பணம் ஏழாம் நாளில் தீர்ந்துபோவது சாதாரணமாக நடக்கிறது. அமைக்கும்போது ஒரு சுழியம் கூடுதலாகப் போட்டாலே போதும். ஆகவே குறைந்தால் மட்டுமல்ல, கூடினாலும் காரணம் தேடுங்கள்.

பணம் ஓடுகிறது, ஆள் வரவில்லை

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. அதுதான் ஆபத்தானது. கணக்குப்படி பணம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும். ஆனால் ஒருவரும் அழைக்க மாட்டார்கள். விளம்பரத்தில் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் விட்டுப்போயிருக்கும். அழுத்தினால் திறக்க வேண்டிய பக்கம் திறக்காது. அல்லது சிறுபிள்ளைகள் விளையாடும் விளையாட்டுச் செயலிகளில் விளம்பரம் தோன்றி, பிள்ளைகள் தெரியாமல் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

'காட்டப்பட்டது' என்று அறிக்கையில் இருப்பதை 'பார்க்கப்பட்டது' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விளம்பரத் துறை 2014 முதல் பின்பற்றும் அளவுகோல் என்ன தெரியுமா? ஒரு பட விளம்பரத்தில் பாதி, ஒரு விநாடி திரையில் தெரிந்தால் அது காணத்தக்கதாகக் கொள்ளப்படும். காணொளி என்றால் இரண்டு விநாடி. ஒரு விநாடியில் பாதி முறுக்கைப் பார்த்தவர் போத்தல் வாங்குவாரா? ஆகவே பணத்தின் ஓட்டத்தோடு அழைப்புகளின் ஓட்டத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். விளம்பரம் தொடங்கிய அன்றே உங்கள் கைத்தொலைபேசியில் அல்லாமல் பக்கத்து வீட்டுக்காரர் கைத்தொலைபேசியிலிருந்து அந்த எண்ணை ஒரு முறை அழைத்துப் பாருங்கள்.

நாலு கட்டம் போதும்

இதற்கெல்லாம் பெரிய கணினித் திட்டம் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகம் ஒன்று போதும். நாலு கட்டம் போடுங்கள். தேதி, இன்று வரை எவ்வளவு செலவாகியிருக்க வேண்டும், எவ்வளவு செலவாகியிருக்கிறது, எத்தனை பேர் அழைத்தார்கள். காலையில் தேநீர் ஆறுவதற்குள் எழுதி முடித்துவிடலாம்.

நான் எனக்கென்று ஓர் அளவு வைத்திருக்கிறேன். நூற்றுக்குப் பத்து முன்பின் இருந்தால் விட்டுவிடுவேன். இருபது வரை போனால் மறுநாளும் பார்ப்பேன். இருபதைத் தாண்டி இரண்டு நாள் நீடித்தால் அந்த ஐந்து காரணங்களையும் வரிசையாகத் தேட உட்கார்ந்துவிடுவேன். உங்கள் தொழிலுக்கு ஏற்ற அளவை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். அளவு எதுவாக இருந்தாலும் விளம்பரம் தொடங்குவதற்கு முன்பே எழுதிவைத்துவிடுங்கள். தொடங்கிய பிறகு, "நாளைக்குச் சரியாகிவிடும்" என்று மனம் சமாதானம் சொல்லும்.

விளம்பர நிறுவனத்திடம் வேலையை ஒப்படைத்திருப்பவர்கள் இறுதி அறிக்கைக்காகக் காத்திருக்காதீர்கள். மூன்றாம் நாள் ஒரு கணக்கு, பிறகு வாரம் இரண்டு முறை ஒரு கணக்கு வேண்டும் என்று ஒப்பந்தம் செய்யும்போதே கேளுங்கள். வானொலி, தொலைக்காட்சி என்றால் ஒளியேறிய பட்டியலைக் கேளுங்கள். பத்திரிகை விளம்பரம் என்றால் அன்றைய பத்திரிகையை வாங்கிப் பாருங்கள். கேட்பது சந்தேகம் அல்ல. அது உங்கள் உரிமை.

யாருக்குச் சொல்ல வேண்டும்?

கடைசியாக ஒன்று. கணக்குப் பார்த்தால் மட்டும் போதாது. அதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்ல வேண்டும். இணையத்தில் விளம்பரத்தைக் கவனிப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை, மருமகள், அல்லது தெரிந்த தம்பி ஒருவர். சரக்கு எடுப்பவர் வேறொருவர். இவர் கையில் கணக்கு, அவர் தலையில் கடன். இடையில் பேச்சே இல்லை. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

2024இல் தீபாவளி அக்டோபர் 31. அந்த ஆண்டும் நான்தான் விளம்பரம் போட்டேன். சின்னம்மா மறுபடியும் என்னை நம்பியதே பெரிய விஷயம். மூன்றாம் நாள் காலையில் புத்தகத்தில் எழுத உட்கார்ந்தேன். முதல் நாள் மாலையோடு செலவு நின்றுபோயிருந்தது. வங்கி எனக்குப் புது அட்டை அனுப்பியிருந்தது. பழைய அட்டை எண்ணை மாற்ற மறந்திருக்கிறேன். அரை மணி நேரத்தில் சரிசெய்தேன். இழந்தது ஒன்றரை நாள். உடனே சின்னம்மாவை அழைத்து, "சின்னம்மா, ஒன்றரை நாள் விளம்பரம் நின்னு போச்சு. மாவு எடுக்கறத வியாழக்கிழமை வரைக்கும் தள்ளிப் போடுங்க, ஆர்டர் எப்படி வருதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். வியாழக்கிழமை பார்த்தோம். 350 போத்தலுக்கு மட்டும் சரக்கு எடுத்தார். மிஞ்சியது 12. அதை நாங்களே சாப்பிட்டுத் தீர்த்தோம்.

நேயர்களே, விளம்பரத்தில் போட்ட பணம் திரும்பி வரலாம். அடுத்த மாதம் மறுபடியும் போடலாம். போன நாளை யாராலும் வாங்கித் தர முடியாது. உங்களுக்காக எங்கோ ஒரு சின்னம்மா மாவு எடுக்கக் காத்துக்கொண்டிருப்பார். அவர் கடைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் தொலைபேசி அழைப்பு அவருக்குப் போய்ச் சேரட்டும்.